மஞ்சக்குட்டை ஜீப்புக்கு எழுதிய பாலிசி

சென்ற மாதம் காப்பீட்டு அலுவலர் பயிற்சி வகுப்பு முடிந்து நீங்கள் சிலர் என்னைப் பார்க்க வந்தீர்கள். உங்களில் ஒரு பெண், "மேடம், காருக்கும் பிரீமியம் ஏறிப்போச்சு, வீட்டுக்கும் ஏறிப்போச்சு. கவுண்டருக்கு வர்றவங்க எங்களைத்தான் திட்டறாங்க. நாங்களா ஏத்தினோம்?" என்று கேட்டார். பொறுமையாகப் பேசுங்கள் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் திட்டுவதைத் தாங்குவது இந்த வேலையில் எளிய பகுதி. உங்கள் மேலதிகாரியே கூப்பிட்டு, "அவருக்குப் பாலிசி கொடுக்காதே" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? எனக்கு அப்படி நேர்ந்தது. அதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிடாமல் கடைசிவரை படியுங்கள், ஏனென்றால் பாதியில் நிறுத்தினால் இது நான் ஜெயித்த கதைபோலத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஏற்காட்டுக் கிளையின் பொறுப்பாளராக இருந்தேன். கிளை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒற்றை அறை. நானும் தாமஸ் என்ற எழுத்தரும்தான். தாமஸ் நாகலூர்க்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன். மலையில் யாருடைய வண்டி எது, யார் எந்தக் கோவிலுக்குப் போகிறவர், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எஸ்டேட் பங்களாக்கள், காபிக் கிடங்குகள், கார்கள், லாரிகள் என்று எல்லாவற்றுக்கும் பாலிசி எழுதினோம். ஆனால் எங்கள் படிகளில் அதிகம் ஏறியவர்கள் ஜீப்காரர்கள். மலைக்கிராமங்களுக்கு பஸ் அபூர்வம். பள்ளிக்கூடத்துக்கு, சந்தைக்கு, பிரசவத்துக்கு, சாவுக்கு எல்லாவற்றுக்கும் ஜீப்தான்.

இப்போதுபோல ஒவ்வொரு கம்பெனியும் ஒரு விலை சொல்கிற காலம் அல்ல அது. இன்ன வண்டிக்கு இன்ன பிரீமியம் என்று அரசு அமைத்த ஒரு குழு நிர்ணயிக்கும். அச்சடித்த புத்தகமாக எங்களுக்கு வரும். அதில் நாங்கள் ஒரு பைசா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த ஆண்டு மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் விகிதம் மாறியது. பங்களாக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிட்டுப் போனார்கள். ஆட்களை ஏற்றும் வாடகை வண்டிகளுக்குத்தான் பலத்த அடி. ஒரு காலை ஜீப்காரர்கள் கூட்டமாக மேலே ஏறி வந்துவிட்டார்கள். அறையில் நிற்க இடமில்லை, பாதிப்பேர் படிகளில் நின்றபடியே கத்தினார்கள்.

"ஏனுங்க அம்மிணி, இந்த ரேட்டு ஆரு போட்டது? மலையில ஒரு நாளாச்சும் வண்டி ஓட்டுனவனா போட்டான்?"

"நான் போடலீங்க. இதுல குறைக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லீங்க."

"அதிகாரம் இல்லீன்னா எதுக்கு இங்க ஆபீசு? பூட்டிப்போட்டுப் போங்க!"

அப்போது ஒருவர் முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கற வண்டின்னு எழுதிருங்க அம்மிணி. அதுக்கு ரேட்டு கம்மிதானுங்களே. கீழ சேலத்துல அப்பிடித்தான் எழுதிக் குடுக்கறாங்களாமா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். பல இடங்களில் அப்படி நடந்துகொண்டிருந்தது. நானும் தலையாட்டியிருந்தால் அன்றைக்கே கூட்டம் கலைந்திருக்கும், எனக்கும் நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

"எழுதலாமுங்க," என்றேன். "போலீஸ்காரர் கேட்டா அந்தச் சீட்டைக் காட்டலாம். ஆனா வண்டி கவுந்து உள்ள இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, 'சொந்த வண்டின்னு சொல்லிப்போட்டு காசு வாங்கி ஏன் ஆள் ஏத்துனே'ன்னு எங்க கம்பெனியே கையக் கழுவிரும். அப்பறம் கோர்ட்டு நஷ்டஈட்ட உங்களைத்தான் கட்டச் சொல்லும். உங்க ஊடு, காடு, தோட்டமெல்லாம் அதுக்குத்தான் போகும்."

திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் போகாமல் ஜன்னலோரம் நின்றார். ஆண்டியப்பன். மஞ்சக்குட்டைக்காரர், பரம்பரையாக மலையில் விவசாயம் செய்கிற குடும்பம். கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, மேட்டில் சாமை. ஏற்காட்டுக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவே ஜீப் ஓட்டினார். அதிகம் பேசாதவர்.

"அப்ப முழு ரேட்டும் கட்டுனா என்ற ஊட்ட ஆரும் தொட முடியாதுங்களா?"

"தொட முடியாதுங்க."

"செரிங்க. இந்த மாசக் கடைசியில எனக்குப் பாலிசி முடியுதுங்க. மொளகு வித்துப்போட்டு வாறேன்."

அவர் நம்பியது என் வாய்ச்சொல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் சேலம் கோட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் எங்கள் கோட்ட மேலாளர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தீப்பிடித்த ஆலையின் சாம்பலில் நின்றுகொண்டு, முதலில் மனுஷனிடம் பேசு, பிறகு கணக்கெடு என்று சொன்னவர். அன்று அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது.

"லில்லி, மலை ஜீப் எதையும் இப்போதைக்கு எழுதாதீங்க."

"ஏன் சார்?"

"இந்தப் புது விகிதத்துலயும் நமக்குக் கட்டுபடி ஆகலை. வாங்கற பிரீமியத்தைவிட நஷ்டஈடு அதிகமாப் போகுது. விகிதத்தை ஏத்தற அதிகாரம் நமக்கு இல்லை, மேலேருந்தோ நெருக்கறாங்க. முடியாதுன்னு வாயால சொல்ல வேண்டாம். சீட்டுப் புத்தகம் தீந்துபோச்சுன்னு சொல்லுங்க, அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லுங்க. அவங்களே வேற எங்கயாவது போயிடுவாங்க."

"எல்லா ஆபீஸ்லயும் இதையே சொன்னா அவங்க எங்க சார் போவாங்க?"

மழையில் போன் கம்பி இரைந்துகொண்டிருந்தது. பிறகு, "பாத்து நடந்துக்குங்க" என்று வைத்துவிட்டார்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே விகிதம். படியேறி வந்தவர்கள் அது தாங்க முடியாத அளவு அதிகம் என்கிறார்கள், மேலே இருப்பவர்கள் அது போதாது என்கிறார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டு தரப்பாலும் அதை மாற்ற முடியாது. ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. வண்டி ஓட்டுகிறவர் பிறருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடு எடுத்தே தீரவேண்டும், இல்லாமல் ஓட்டுவது குற்றம். எடுத்தே தீரவேண்டும் என்று ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இருக்கும்போது, அதை விற்க அனுமதி பெற்ற நாங்கள் மறுப்பது எந்த நியாயம்?

இப்படியெல்லாம் யோசித்தேனே தவிர, அந்த நாட்களில் எனக்கு இருந்தது பயம்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பேன். யாரும் வந்துவிடக் கூடாதே, முக்கியமாக ஆண்டியப்பன் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். வேறு கம்பெனியில் எழுதியிருப்பார், வண்டியை விற்றிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், வங்கி மூடிய பிறகு, நனைந்த தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே அவர் வந்தார். அன்றோடு அவருடைய பாலிசி முடிகிறது. பணத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பையைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

தாமஸ் என் பக்கத்தில் வந்து குனிந்தார். "மேடம், புக்கு தீந்துபோச்சுன்னு நான் சொல்லிடறேன். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். எல்லா ஆபீஸ்லயும் இதத்தான் சொல்றாங்க. நமக்கெதுக்குங்க வம்பு? மெட்ராசுக்கோ வடக்கயோ தூக்கி அடிச்சாங்கன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவர் பயந்ததில் தவறில்லை. அவருக்குக் கைக்குழந்தை, படுக்கையில் தகப்பனார். நான் ஆண்டியப்பனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு சேலத்துக்குப் போன் போட்டேன். இணைப்புக் கிடைக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க, ஏதோ காகிதங்களை அடுக்கினேன்.

"சார், மஞ்சக்குட்டை ஜீப் ஒண்ணு. முழு பிரீமியத்தோட வந்து நிக்கறார். எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"நான் சொன்னேன்ல லில்லி?"

"சொன்னீங்க சார். அதை ஒரு வரி எழுத்துல அனுப்பினீங்கன்னா, இவர்கிட்ட அதையே காட்டி அனுப்பிடறேன். பொய் சொல்லி அனுப்ப எனக்கு வரலை சார்."

கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சித்தான் கேட்டேன்.

"எழுத்துல குடுக்க முடியாது. அது உங்களுக்கே தெரியும்."

"அப்ப நான் எழுதிடட்டுமா சார்?"

"நீங்க போன் பண்ணலை. நான் பேசலை," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். பாலிசி தட்டச்சாகி வரும்வரை அதற்குப் பதிலாகக் கொடுக்கும் தற்காலிகச் சீட்டு அது. சட்டப்படி பாலிசிக்கு உள்ள பலம் அதற்கும் உண்டு. எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்தேன். பணத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தாமஸ் தலையைக் குனிந்துகொண்டு அன்றைய வரவில் பதிந்தார்.

"அளவா ஆள் ஏத்துங்க ஆண்டியப்பன். மழை நாளுங்க," என்றேன்.

"ஆகட்டுமுங்க. நொம்ப சந்தோசமுங்க அம்மிணி," என்று சீட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சரியானதைச் செய்தவர்களுக்கு நிம்மதி கிடைக்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை பகல் முழுவதும் மழை. பஸ் நிலையத்திலிருந்து ஒவ்வொரு ஜீப் கிளம்பும் சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எழுதாமல் விட்ட வண்டிகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எழுதிய ஒன்றைப் பற்றித்தான் கவலை. இந்த வேலையின் விசித்திரம் அது. கையெழுத்துப் போட்ட நொடியிலிருந்து அந்த வண்டியின் நான்கு சக்கரமும் உங்கள் மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து மாதா கோவிலைவிட்டு வெளியே வரும்போது வாசலில் கூட்டம் கூடி நின்றது. மஞ்சக்குட்டை ரோட்டில் ஒரு ஜீப் கவிழ்ந்துவிட்டது என்றார்கள். ஆள் போய்விட்டது என்றார் ஒருவர், இல்லை அடிதான் என்றார் இன்னொருவர். யார் வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ரோட்டில் ஓடிய ஜீப்புகள் பல. என் மனதில் எழுந்த முதல் நினைப்பு 'அது அவர் வண்டியாக இருக்கக் கூடாது' என்பதுதான். உள்ளே இருந்தவர்களைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

தாமஸ் எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தார். வழியெல்லாம் மூடுபனி. எதிரே வருபவர்களை நிறுத்திக் கேட்டோம். பச்சை ஜீப் என்றார் ஒருவர். ஆண்டியப்பனுடையதும் பச்சை. ஆனால் பாதி ஜீப்புகள் பச்சைதானே என்று தாமஸ் சத்தமாகச் சொன்னார், எனக்காகவா அவருக்காகவா தெரியவில்லை.

அவருடைய வண்டிதான். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது, மழையில் ஊறிய சாலையோரம் சரிந்துவிட்டது. வண்டி காபிச் செடிகளை நசுக்கிக்கொண்டு இறங்கி, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே சிக்கி நின்றது. மரங்கள் இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். காயம்பட்டவர்களை அதற்குள் பஸ்ஸிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒருவர் மட்டும் சரிவில் ஒரு கம்பளியால் மூடப்பட்டுக் கிடந்தார். நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்த ரோசம்மா. மஞ்சக்குட்டையில் இருந்த தங்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர். அவர் கணவர் அந்தோணி பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளியின் ஓரத்தை மழை படாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

ஆண்டியப்பன் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை ஒடிந்து தொங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாராம். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அளவாத்தான் ஏத்துனனுங்க அம்மிணி. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மூணு பேர எறக்கிக்கூட உட்டனுங்க. கேட்டுப் பாருங்க. அளவாத்தானுங்க ஏத்துனேன்."

அவர் தோளைத் தொட்டேன். அவர் உடம்பு உதறுவது என் கைக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை காலை நான் அறையைத் திறக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. செய்தி சேலத்துக்குப் போய்விட்டிருந்தது.

"லில்லி, அந்த வண்டி நம்ம சீட்டா?"

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமை எழுதினதுதானே? உண்மையைச் சொல்லுங்க. நேத்து எழுதலையே?"

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்னிடம் கேட்ட கேள்வி அது. "வெள்ளிக்கிழமை சார். நான் உங்ககிட்ட பேசினதும் எழுதினேன்."

"பணம்?"

"இங்க பெட்டியில இருக்கு சார். அவர் வர்றப்போ பேங்க் மூடிட்டாங்க, சனிக்கிழமை பேங்க் லீவு. இன்னிக்குக் கட்டணும்."

அவர் மிக மெதுவாகச் சொன்னார். "பணம் இன்னும் பேங்குக்குப் போகலை. பிரீமியம் கைக்கு வராம எழுதின சீட்டு செல்லாது. அது உங்களுக்குத் தெரியும். பணம் இன்னிக்குத்தான் வந்ததுன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரவுப் பதிவைத் திருத்திவிட்டால், பணம் வெள்ளிக்கிழமை வந்தது எனக்கும் தாமஸுக்கும் ஆண்டியப்பனுக்கும்தான் தெரியும். பணமே வராமல் சீட்டுக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு ஒரு கண்டனம், அதோடு போகும். கம்பெனி தப்பிக்கும், மேலாளர் தப்பிப்பார், ஆண்டியப்பனோடு கூட்டுச் சதி என்ற பேச்சும் என்மேல் வராது. ஆண்டியப்பனின் சொல் கோர்ட்டில் எடுபடாது. நஷ்டஈடாக அந்தோணிக்கு ஆண்டியப்பனின் வீட்டைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

இளையவர்களே, இப்படிப்பட்ட நேரம் வரும்போது அது பெரிய பாவம்போல முன்னால் வந்து நிற்காது. ஒரு பாதி வாக்கியமாக, உங்கள்மேல் அக்கறையுள்ள ஒருவரின் குரலில் வரும். யோசிக்க ஆரம்பித்தால் நியாயங்கள் தானாக வரிசையில் வந்து நிற்கும். அதனால் நான் யோசிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வாங்கின பணம் சார். இப்பவே பேங்க்ல கட்டிட்டு வந்துடறேன்," என்று சொல்லி வைத்தேன்.

தாமஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் வாசல்வரை போய்த் திரும்பினார். "மேடம், என்னையக் கேட்டாங்கன்னா நான் என்னங்க சொல்றது?"

"நடந்ததைச் சொல்லுங்க."

"அதத்தாங்க சொல்லுவேன். ஆனா நொம்ப பயமா இருக்குதுங்க."

"எனக்கும்தான் தாமஸ்."

விசாரணை வந்தது. மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்தார். மலையில் ஜீப்புக்கே சீட்டு எழுதாத நேரத்தில் ஒரே ஒரு ஜீப்புக்கு எழுதி, அதுவே இரண்டாம் நாள் கவிழ்ந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். விபத்துக்குப் பிறகு முன்தேதி போட்டு எழுதினேனா, அந்த ஆள் எனக்கு உறவா, எனக்கு என்ன கிடைத்தது என்றெல்லாம் கேட்டார். தாமஸையும் தனியாகக் கேட்டார். தாமஸ் வெளியே வரும்போது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, ஏற்காட்டுக் குளிரில். நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தார். கோட்ட மேலாளரும் வரவழைக்கப்பட்டிருந்தார். கடைசியாக அவர் எதிரிலேயே என்னிடம் கேட்டார்கள்.

"இந்த மாதிரி வண்டிகளை எழுத வேண்டாம்னு உங்களுக்கு ஏதாவது உத்தரவு இருந்ததா?"

நான் அவரைப் பார்த்தேன். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன அவருக்கு. ஜன்னல் வழியே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் அவர் காப்பாற்றப்படுவார், ஆமாம் என்று சொன்னால் உத்தரவை மீறியவள் நான்.

"வாயால சொன்னாங்க சார். எழுத்துல கேட்டேன், குடுக்கலை. சட்டப்படி மறுக்கக் கூடாதுன்னு எழுதினேன்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "சொன்னது நிஜம்," என்றார். "அவங்க செஞ்சதுல சட்டப்படி தப்பு எதுவும் இல்லை." போகும்போது என்னிடம் விடைபெறவில்லை. அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் ஓய்வுபெற்ற நாளில் நான் சேலத்துக்குப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருங்க" என்றார்.

எனக்குத் தண்டனை எதுவும் இல்லை. இடமாற்றம் மட்டும் வந்தது, கடலோரத்தில் ஒரு துறைமுக ஊருக்கு. மலையில் ஜீப்புகளுக்குச் சீட்டு மறுக்கக் கூடாது என்று எழுத்துப்பூர்வமாகவே ஒரு சுற்றறிக்கை வந்ததாகத் தாமஸ் எழுதியிருந்தார். அவரை யாரும் எங்கும் மாற்றவில்லை.

வழக்கு சில ஆண்டுகள் இழுத்தது. சாட்சி சொல்ல சேலம் கோர்ட்டுக்கு வந்தேன். எங்கள் கம்பெனி வக்கீலே என்னைக் குறுக்கு விசாரணைபோலத் துருவினார். சீட்டு செல்லும், கம்பெனி கட்ட வேண்டும் என்று தீர்ப்பாகியது. அந்தோணி தன் மகளை நர்ஸ் படிப்பில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. ஆண்டியப்பனின் வீட்டை யாரும் தொடவில்லை. அவருக்கு நான் கொடுத்த வாக்கு நின்றது.

இத்தோடு நிறுத்தினால் நல்ல கதைதான். ஆனால் தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் ஆண்டியப்பன் என்னிடம் வந்தார். கை கோணலாகவே ஒட்டியிருந்தது. வண்டியை இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டார். மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லையாம். சாமைக்காட்டில்தான் வேலை என்றார். என்னைக் கும்பிட்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நெனைக்கக் கூடாதுங்க அம்மிணி. அன்னிக்கு வெள்ளிக்கெழம நீங்க இல்லீன்னு சொல்லியிருந்தா, நான் வண்டிய எடுத்திருக்க மாட்டனுங்க. சீட்டு இல்லாம ஓட்டறதுக்கு எனக்குப் பயமுங்க. ரோசம்மாக்கா உசுரோட இருந்திருப்பாங்க."

குற்றம் சாட்டவில்லை அவர். இத்தனை வருடம் தனக்குள் சுமந்ததை, புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளிடம் சொன்னார், அவ்வளவுதான். நான் பதில் தேடினேன். நீங்கள் ஓட்டாவிட்டால் சீட்டில்லாத இன்னொரு ஜீப்பில் ரோசம்மா போயிருப்பார், அந்தச் சாலையோரம் அந்த ஜீப்புக்குச் சரிந்திருக்கும் என்று சொல்லலாம். அது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

"எனக்கும் அந்த நெனைப்பு வரும் ஆண்டியப்பன்," என்றேன். "வராத நாளில்லை."

தலையாட்டினார். அந்தோணி சற்றுத் தள்ளி நின்றிருந்தார். ஏற்காட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சைகை காட்டினார். அவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே நடந்து போனார்கள்.

மறுநாள் துறைமுக ஊரில் கிளையைத் திறந்தபோது ஒரு லாரிக்காரர் காத்திருந்தார். பழைய வண்டி, புது டிரைவர், பிரீமியம் ஏறிவிட்டதே என்று புலம்பல். அவர் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்தேன். மஞ்சக்குட்டை ரோட்டுச் சரிவில் கிடந்த கம்பளி நினைவுக்கு வந்தது. எழுதிக் கொடுத்தேன்.